நீல வீடு

அப்பாவின் வேனில் கம்பளம் கழுவும் சோப்பு வாசம்.
பக்கவாட்டில் கம்பெனி பெயரும் போன் நம்பரும்
காட்டிக்கொடுக்கும் எழுத்தில் இருப்பதால்
இரண்டு தெரு தள்ளியே நிறுத்தினேன்.
கதவைத் தள்ளியதும் இறங்கின
ஓர் எலும்புக்கூடு, ஒன்றரை வவ்வால்
(ஒரு இறக்கை லிஃப்ட்டில் மாட்டிக் கிழிந்துவிட்டது),
எந்த நாட்டுக்கு என்று சொல்ல மறுக்கும் ராணி,
அட்டைப்பெட்டிக்குள் மைக்ரோவேவ் அடுப்பாக
மூன்றாம் மாடி ஜமாரியன்.

எங்கள் கட்டடத்திலும் கதவுகள் உண்டு. அறுபத்து நான்கு.
போன ஹாலோவீனுக்குத் தட்டிப் பார்த்தோம்.
பாதிப் பேருக்கு இரவு ஷிப்ட்.
மீதிப் பேர்
தட்டும் சத்தம் கேட்டால் டிவியை அணைத்துவிட்டு
மூச்சைப் பிடித்துக்கொள்பவர்கள்.
வாடகை பாக்கிக்கு முகமூடி தேவையில்லை.
நான்காம் மாடித் திருமதி லோர் மட்டும்
ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.
நல்ல இனிப்பு.
ஆனாலும் தெங் அழுதான்.

செயின்ட் பாலின் இந்த மேட்டுப் பக்கத்தில்
படியேறும்போதே கதவு திறந்துவிடுகிறது.
ஒரு புல்வெளியில் மூன்று ஆள் உயரத்துக்கு
காற்றடித்த பூதம் ஆடிக்கொண்டிருந்தது.
"இதுக்கு கரண்ட் பில் யார் கட்டுறா?"
என்றாள் ராணி. என் தங்கை பா ஹுவா.
ஏழு வயது.
சாப்பாட்டு மேஜையில் நாங்கள்
கொஞ்சம் குறைத்துப் பேச வேண்டும்.

குளிருக்கு எல்லா வேஷத்தின் மேலும் கோட்டு.
எலும்புக்கூடு என்று சொன்னால்தான் எலும்புக்கூடு.
வேனிலேயே ஒத்திகை முடித்திருந்தோம்:
எந்தத் தெரு என்று கேட்டால்?
"மூலை திரும்பினா நீல வீடு!"
அதைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான்.
பூசணி இல்லை, விளக்கு இல்லை, கார் இல்லை.
ஆளில்லாத வீட்டுக்கு
யார் வேண்டுமானாலும் பிள்ளையாகலாம்.

ஒன்பதாவது வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு பெண்கள்.
ஒருத்தி மடியில் மிட்டாய்ச் சட்டி,
கையில் ஆள் எண்ணும் கருவி.
டிக் டிக் டிக் டிக் டிக்.
"நூத்தித் தொண்ணூத்தாறு.
எங்கிருந்துதான் வர்றாங்களோ" என்றாள்,
கோபமாக இல்லை, மழையைப் பற்றிச் சொல்வதுபோல.
பிறகு குனிந்து, "நீங்கல்லாம் எந்தத் தெரு கண்ணு?"

"மூலை திரும்பினா நீல வீடு!"
ஐந்து குரல், ஒரே மூச்சு.

போர்வை போர்த்தியிருந்த மற்றவள்
கோப்பையைக் கீழே வைத்தாள்.
"அஞ்சு பேருமா?"
"அஞ்சு பேரும்" என்றது மைக்ரோவேவ்.
"மாடியில வலது பக்க ரூம் யாரோடது?"

நடைபாதையில் நின்ற எனக்கு
காதுமடல் சுட்டது.

"என்னுது" என்றான் தெங்.
"ஜன்னல் சரியா மூடாது. துணி அடைச்சு வச்சிருக்கோம்."

அது எங்கள் ஜன்னல்.
துணி என்னுடைய பழைய பனியன்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஆமா" என்றாள். "அது மூடாதுதான்."
"மார்லிஸ், அது உன்னோட..." என்று தொடங்கியவளிடமிருந்து
சட்டியை வாங்கி
ஒவ்வொரு பைக்கும் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.
ஜமாரியனுக்கு மைக்ரோவேவ் கதவைத் திறந்து உள்ளேயே வைத்தாள்.
"வீட்டுக்குப் போனதும் வாசல் விளக்கப் போட்டு வைங்க.
நான் வர நேரமாகும்."

திரும்பும் வழியில் பின்சீட்டில் பெரும் வியாபாரம்.
இரண்டு கேரமலுக்கு ஒரு வேர்க்கடலை சாக்லேட்,
கருப்பு மிட்டாய் யாருக்கும் வேண்டாம்.
தெங் மட்டும் பையைப் பிரிக்கவில்லை.
"விளக்குப் போடச் சொன்னாங்களே."

மூலையில் வண்டியைத் திருப்பினேன்.
கம்பெனி பெயர் தெரிந்தால் தெரியட்டும்.
நீல வீட்டுக்கு நேராக நிறுத்தி
எஞ்சினை அணைத்து
ஹெட்லைட்டை முழுசாகப் போட்டேன்.
படிகள், கதவு, ஒரு காலி பூந்தொட்டி,
மேலே வலப்பக்கம்
ஒரு விரல் அளவு திறந்த ஜன்னல்.

யாரும் மெல்லவில்லை.

"பேட்டரி இறங்கிடும்" என்றாள் பா ஹுவா,
கொஞ்ச நேரம் கழித்துத்தான்.